மோட்டார் டிஷ்: முதலில் கம்பத்தைப் பாருங்கள்

மோட்டார் டிஷ்ஷில் (பல சாட்டிலைட்டுகளைப் பிடிக்க மோட்டாரால் திரும்பும் டிஷ்) ஒரு சாட்டிலைட் நன்றாக வந்து மற்றவை வரவில்லையா? எல்.என்.பி.யை (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் கருவி) மாற்ற ஓடாதீர்கள். பெரும்பாலும் கம்பம்தான் சாய்ந்திருக்கும். ரசமட்டத்தைக் கம்பத்தின் தெற்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை சரிசெய்யுங்கள். இதில் அவசரமே கூடாது.

அப்புறம் மோட்டாரில் ஊரின் அட்சரேகையை வையுங்கள். சென்னைக்கு 13 டிகிரி. மோட்டாரைப் பூஜ்யத்தில் நிறுத்தி, நேர் தெற்கு பார்த்து மாட்டுங்கள். உங்கள் தீர்க்கரேகைக்கு அருகிலுள்ள சாட்டிலைட்டில் (சென்னைக்கு, 83 டிகிரி கிழக்கில் இருப்பது) டிஷ்ஷின் ஏற்ற இறக்கத்தை மட்டும் சரிபாருங்கள்.

நம் ஊரில் டிஷ் கிட்டத்தட்ட வானத்தைப் பார்த்தே இருப்பதால், திசை கொஞ்சம் பிசகினால் அந்த சாட்டிலைட்டில் தெரியாது. கிழக்கிலோ மேற்கிலோ தள்ளியிருக்கும் சாட்டிலைட்டுக்கு ஓட்டி, மோட்டாரோடு சேர்த்து மொத்தத்தையும் கம்பத்தில் மெல்லத் திருப்புங்கள். சிக்னல் உச்சத்தில் நட்டை இறுக்குங்கள்.