சிட்னிக்குப் போகிறவர்கள் காலணியை உள்ளே எடுத்து வையுங்கள்

நம் சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீடுகளில் காலணிக்கு இடம் வாசலுக்கு வெளியேதான். சிட்னியில், அதுவும் ஹார்ன்ஸ்பி போல மரம் அடர்ந்த வடபகுதிகளில் உறவினர் வீட்டில் தங்கப் போகிறவர்கள் அந்தப் பழக்கத்தைச் சாங்கியிலேயே விட்டுவிட்டு விமானம் ஏறுங்கள். நம் டிசம்பர் பள்ளி விடுமுறை அங்கே கோடைக்காலம். ஃபனல்வெப் என்னும் கொடிய நச்சுச் சிலந்திகளில் ஆண்கள் துணை தேடி இரவில் அலையும் பருவமும் அதுதான். மழை பெய்து ஓய்ந்த இரவென்றால் நடமாட்டம் இன்னும் அதிகம்.

பெண் சிலந்தி வளையைவிட்டு வருவது அபூர்வம். கல்லுக்கடியில், மக்கிய கட்டைக்கடியில், ஈரமான நிழலில் குழி பறித்து, உட்புறம் முழுவதும் நூலால் இழைத்து, வாசலிலிருந்து சில நூல்களை வெளியே நீட்டி வைத்திருக்கும். போகிற வண்டு அந்த நூலை இடறினால் போதும், அம்மணி பாய்ந்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடுவாள். வீட்டோடு கிடக்கிற அவளைவிட, ஊர்சுற்றும் ஆணின் நஞ்சுக்குத்தான் மனிதரிடம் வீரியம் பல மடங்கு. விடிந்தால் உடல் காய்ந்துவிடும் என்று அது ஈரமும் இருட்டும் உள்ள இடமாகப் பார்த்து ஒதுங்கும். புல்வெளியில் கழற்றிப் போட்ட காலணி, தரையில் கிடக்கும் ஈரத்துண்டு, இரண்டுமே அதற்குத் தோதானவை.

ஆகவே, காலணியை உள்ளே வையுங்கள். வெளியே மறந்து வைத்துவிட்டால் கையை நுழைக்காமல், குதிகாலைப் பிடித்துக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள். துணியைத் தரையில் குவிக்காதீர்கள். போர்வை நுனி கட்டிலிலிருந்து தரையில் புரள வேண்டாம். இரவில் குப்பை போடப் போனாலும் மூடிய காலணி, கையில் டார்ச். தோட்டத்தில் கல்லைப் புரட்டக் கையுறை. நீச்சல் குளத்தில் மிதப்பது செத்துவிட்டது என்று எடுக்காதீர்கள். மயிர்க்கால்களில் காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கக்கூட உயிரோடு இருக்கும்.

அடையாளம் இதுதான். பளபளக்கும் கறுப்பு, மயிரில்லாத முன்னுடம்பு. ஆணின் உடல் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர். நம் வீட்டுச் சுவரில் ஓடும் எட்டுக்கால் பூச்சி ஆளைக் கண்டால் ஓடிவிடும். இதைச் சீண்டினால் முன்கால்களைத் தூக்கி எதிர்த்து நிற்கும். நச்சுப்பற்கள் இரண்டும் கடப்பாரை போல மேலிருந்து கீழாக இறங்கும், நகத்தையும் துளைக்கும்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. 1981ல் ஸ்ட்ரூவன் சதர்லாந்து குழுவினரின் நச்சுமுறிவு மருந்து வந்தது. அதற்குமுன் பதிவான மரணங்கள் 13. அதன்பின் ஒன்றும் இல்லை. மருந்துக்கான நஞ்சை ஆஸ்திரேலிய ஊர்வனப் பூங்காவில், பொதுமக்கள் பிடித்துக் கொடுக்கும் ஆண் சிலந்திகளிடமிருந்தே கறக்கிறார்கள். அதற்காக நீங்கள் பிடிக்கக் கிளம்ப வேண்டாம். வழவழப்பான கண்ணாடியில் அதனால் ஏற முடியாது என்பதால், அங்குள்ள என் மகன் பின்கதவருகே அகலவாய்ச் சாடியும் நீளக் கரண்டியும் வைத்திருக்கிறான். அது அவன் பாடு.

கடித்தால் வலி கடுமையாக இருக்கும். உதட்டைச் சுற்றி மரமரப்பு, நாக்குத் துடிப்பு, வியர்வை, எச்சில் பெருக்கு எல்லாம் சீக்கிரமே தொடங்கலாம். அறிகுறிக்குக் காத்திராதீர்கள். ஆம்புலன்சுக்கு நம் 995 அங்கே இல்லை, 000. ஓய்வுபெற்ற தாதியாக நான் வற்புறுத்துவது கட்டுத்தான். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். இழுத்தால் நீளும் அகலமான மீள்துணிச் சுருளை முதலில் கடிவாயின் மேல் அழுத்திச் சுற்றுங்கள். அடுத்ததை விரல்களிலிருந்து தொடங்கி கை அல்லது கால் முழுக்க மேல்நோக்கிச் சுற்றுங்கள். சுளுக்குக்குக் கட்டுகிற இறுக்கம் போதும். ரத்த ஓட்டம் நின்றுவிடக்கூடாது. பிறகு ஒரு சட்டத்தை வைத்து அசையாமல் கட்டுங்கள். மருத்துவமனை சேரும்வரை அவிழ்க்கக்கூடாது. ஒரு காலுக்கு ஒரு சுருள் போதாது. பெட்டியில் குறைந்தது மூன்று சுருள் வையுங்கள், ஏறுமுன் வீட்டில் யார் காலிலாவது சுற்றிப் பழகுங்கள். என் வீட்டுக்காரர் கூச்சம் என்று காலை இழுத்துக்கொண்டார். பேத்திதான் பொறுமையாக நீட்டினாள்.