பகல் 12.12-க்கு மொட்டை மாடியில்: வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு டிசம்பர் கதிர்த்திருப்ப வழிகாட்டி

ஆண்டிலேயே பகல் குறைந்த நாள், அதாவது சூரியன் தெற்கே போவதை நிறுத்தி வடக்கே திரும்பும் கதிர்த்திருப்ப நாள், டிசம்பர் 21 அல்லது 22 என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். வேலூரில் இருந்துகொண்டு அதை உணர்ந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். இங்கே அன்றைய பகல் சுமார் 11 மணி 22 நிமிடம், ஜூன் 21-இல் 12 மணி 53 நிமிடம். ஒன்றரை மணி நேர வித்தியாசம் ஆறு மாதத்தில் சிறுகச் சிறுகக் கழிவதால் யாருக்கும் உறைக்காது. குளிர் நாட்டுக்காரர்களைப் பார்த்து மெழுகுவத்தியும் கணப்புமாகக் கொண்டாடப் போனால் வேஷம் கட்டினதுபோல்தான் இருக்கும்.

உச்சிவேளை நிழலில் மட்டும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒரு மீட்டர் உயரக் குச்சிக்கு மார்ச் 21-ஐ ஒட்டி 23 செ.மீ. விழும் நிழல், டிசம்பர் 22-இல் 73½ செ.மீ. நீளும். அதை வீட்டில் உள்ளவர்கள் எல்லாம் சேர்ந்து அளப்பதுதான் இந்த ஊருக்குப் பொருத்தமான கொண்டாட்டம். சமையல், வானம் பார்ப்பது, ஊர் சுற்றுவது எல்லாம் அதற்கு அப்புறம்.

கதிர்த்திருப்பம் 2026-இல் டிசம்பர் 22 அதிகாலை 2.20-ஐ ஒட்டி வருகிறது, 2027-இல் டிசம்பர் 22 காலை 8.12-ஐ ஒட்டி. நிமிடத்துக்காக அலட்டிக்கொள்ள வேண்டாம். டிசம்பர் 18 முதல் 25 வரை உச்சி நிழல் ஒன்றிரண்டு மி.மீ.க்கு மேல் மாறாது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் வந்து வானம் மூடிக்கொண்டாலோ, அரையாண்டுத் தேர்வு முடியாமல் இருந்தாலோ, 24 அல்லது 25-ஆம் தேதிக்குத் தள்ளிவையுங்கள்.

நிழல் அளக்கத் தேவையானவை

ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பி.வி.சி. பைப், அதை நட ஒரு பழைய பெயின்ட் டப்பா, டப்பா நிறைய மணல் அல்லது எம்-சாண்ட். 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலத்தில் ஒரு கெட்டி அட்டை. தூக்குக் குண்டு (கொத்தனாரிடம் கேட்டால் கிடைக்கும், இல்லாவிட்டால் நூலில் கட்டிய பெரிய நட்டு போதும்), ரசமட்டம், டேப், சாக்பீஸ், பாதி டின் எனாமல் பெயின்ட்.

குச்சியை நட்டு அதன் முனை நிழலை அளப்பதுதான் எல்லோரும் செய்வது. அதில் இரண்டு சிக்கல் இருக்கிறது. சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் அரை டிகிரி அகல வட்டமாக இருப்பதால், ஒரு மீட்டர் குச்சியின் நிழல் முனை கிட்டத்தட்ட 1½ செ.மீ.க்கு மங்கலாகத்தான் விழும். எது முனை என்று அண்ணனும் தங்கையும் சண்டை போடுவார்கள். அடுத்தது, குச்சி ஒரு டிகிரி சாய்ந்திருந்தால்கூட அளவு 1¾ செ.மீ. வரை பிசகும்.

அட்டையில் 5 மி.மீ. துளை போட்டால் இரண்டும் தீரும். அட்டையின் ஒரு ஓரத்தைப் பைப்பின் உச்சியில் செல்லோடேப்பால் ஒட்டுங்கள். துளை பைப்பிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருக்கட்டும். அட்டை கிடைமட்டமாக, வடக்குப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். டப்பா தெற்கே இருக்கும். துளை வழியாகத் தூக்குக் குண்டை இறக்கி, அது தரையைத் தொடும் இடத்தில் புள்ளி வையுங்கள். இதுதான் அடிப்புள்ளி. துளையிலிருந்து தரைக்கு நூலின் நீளம் சரியாக 100 செ.மீ. வரும்படி பைப்பை மணலில் ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு குண்டை எடுத்துவிடலாம். எல்லா அளவும் அடிப்புள்ளியிலிருந்தே எடுப்பதால் பைப் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் கவலையில்லை. அட்டையின் நிழலுக்கு நடுவே சின்ன நீள்வட்டமாக ஒரு ஒளிப்பொட்டு விழும். அதன் மையத்தைக் குறிப்பதில் குழப்பம் வராது.

பெரும்பாலானோர் கோட்டைவிடும் இடம் தரை. மழைநீர் வடிவதற்காக மொட்டை மாடிக்கு வாட்டம் கொடுத்திருப்பார்கள். நூறுக்கு ஒன்று என்ற அளவில் வடக்கே சரிந்திருந்தாலும் நிழல் அரை செ.மீ. கூடிவிடும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். வாட்டம் இருந்தால் ஒரு பழைய கதவையோ பிளைவுட் பலகையையோ போட்டு, கீழே அட்டைத் துண்டுகளைச் சொருகி மட்டமாக்கி, அதன்மேல் அளவுகளை எடுங்கள். பலகை ஆடாமல் இருக்க ஓரங்களில் செங்கல் வையுங்கள்.

ஒளிப்பொட்டைக் குறிக்கும் வேலை

செல்போன் திசைகாட்டி கான்கிரீட் கம்பிக்கு அருகில் தடுமாறும், அதை நம்ப வேண்டாம். ஸ்தபதிகள் சங்கு (நிழல் பார்க்கும் குச்சி) நட்டுத் திசை பிடிக்கும் பழைய முறையே போதும். அடிப்புள்ளியை மையமாக வைத்து, ஒரு மீட்டர் கயிற்றால் வடக்குப் பக்கம் அரைவட்டம் போடுங்கள். காலை 10.24-ஐ ஒட்டி ஒளிப்பொட்டு அந்த வட்டத்தைத் தொட்டு உள்ளே வரும். பிற்பகல் 2 மணிக்கு மறுபக்கத்தில் வெளியே போகும். இரண்டு இடங்களையும் சாக்பீஸால் குறித்து நேர்கோட்டால் இணைத்தால் அதுதான் கிழக்கு மேற்கு. அந்தக் கோட்டின் நடுப்புள்ளியையும் அடிப்புள்ளியையும் இணைத்தால் வடக்கு தெற்கு.

10.15-க்கே தொடங்கி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பொட்டின் மையத்தில் புள்ளி வைத்து, பக்கத்தில் நேரத்தை எழுதச் சொல்லுங்கள். இந்த வேலையைச் சின்னப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம், மணி பார்ப்பதைத் தாத்தாவிடம் கொடுத்துவிடலாம். 11.50 முதல் 12.30 வரை இரண்டு நிமிடத்துக்கு ஒரு புள்ளி. பிற்பகல் 2.05-க்குப் புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தால் இரு முனையும் வடக்கே வளைந்த ஒரு வில் கிடைக்கும். வில் அடிப்புள்ளிக்கு மிக அருகில் வரும் இடம்தான் உச்சி.

வேலூரில் அன்று உச்சிப்பொழுது 12.12-ஐ ஒட்டி வரும். இந்திய நேரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கானது. வேலூர் அதற்கு 3.4 டிகிரி மேற்கே இருப்பதால் சூரியன் 13½ நிமிடம் தாமதம். பூமியின் சுற்றுப்பாதை காரணமாக டிசம்பர் கடைசியில் இரண்டு நிமிடத்துக்குள் முந்துகிறது. அதைக் கழித்தால் மீதி 12. சரியாக 12 மணிக்கு அளந்துவிட்டு, வடக்குக் கோட்டிலிருந்து பொட்டு விலகி விழுகிறதே என்று குழம்பாதீர்கள்.

அடிப்புள்ளியிலிருந்து உச்சிப் பொட்டின் மையம் வரை 73½ செ.மீ. வந்தால் வேலை சுத்தம். பழைய வடஆற்காடு முழுக்க இதே அளவு வராது. திருப்பத்தூரில் 72½, திருவண்ணாமலையில் 72-க்குச் சற்றுக் குறைவு, அரக்கோணத்தில் 74 செ.மீ. எதிர்பார்க்கலாம்.

சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. எக்ஸ்ரே ஃபிலிம், கூலிங் கிளாஸ் எதுவும் காப்பாற்றாது. பைனாகுலரை அன்று பகலில் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால்

நிழலை உயரத்தால் வகுத்து, செல்போன் கால்குலேட்டரில் டேன் இன்வர்ஸ் (tan⁻¹) போட்டால், சூரியன் தலைக்கு நேரிலிருந்து எவ்வளவு தெற்கே சாய்ந்திருந்தது என்ற கோணம் 36.3 டிகிரி வரும். அதிலிருந்து பூமியின் சாய்வான 23.4-ஐக் கழித்தால் 12.9 டிகிரி. அதுதான் வேலூரின் அட்சரேகை.

இந்தப் பக்கத்தில் ராணுவத்தில் ஆள் இல்லாத ஊர் அபூர்வம். கம்மவான்பேட்டையை ராணுவ கிராமம் என்றே சொல்வார்கள். சித்தப்பாவோ மாமாவோ டெல்லியில் பணியில் இருந்தால், அன்றே அவரையும் இதே மாதிரி ஒரு மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். அங்கே உச்சி 12.19-ஐ ஒட்டி, நிழல் 128 செ.மீ., கோணம் 52 டிகிரி. இரண்டு கோணத்துக்கும் வித்தியாசம் 15.7. வேலூருக்கும் டெல்லி இருக்கும் அட்சரேகைக்கும் நேர் தெற்கு வடக்கு தூரம் சுமார் 1,740 கி.மீ. அதை 360-ஆல் பெருக்கி 15.7-ஆல் வகுத்தால் 39,900 கி.மீ. சொச்சம். பூமியின் சுற்றளவு வந்துவிட்டது. ரயில் தூரத்தையோ சாலை தூரத்தையோ போட்டால் கணக்கு கெட்டுவிடும். செல்போன் வரைபடத்தில் நேர் வடக்காக அளக்க வேண்டும். வேலூர் நிழலில் ஒரு செ.மீ. தவறினால் விடையில் 900 கி.மீ.க்கு மேல் தவறும். டெல்லியில் டிசம்பரில் மூடுபனி உண்டு, மாமாவுக்கு இரண்டு மூன்று நாள் அவகாசம் கொடுங்கள். சென்னையில் உள்ள அத்தையைக் கூப்பிட்டுப் பயனில்லை. சென்னையும் வேலூரும் ஏறத்தாழ ஒரே அட்சரேகை.

பாட்டி கேட்கப்போகும் கேள்வி

“உத்தராயணம் தை ஒண்ணாந்தேதிதானே? மார்கழி ஏழாந்தேதியே சூரியன் திரும்பிட்டான்னா எப்படி?” பாட்டி கேட்பது நியாயம்தான். பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து மகர ராசியைக் கணக்கிடுகிறது. பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டுக்கு ஒரு சுற்றாக மெல்ல ஆடுவதால், கதிர்த்திருப்பம் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் முன்னே நகர்ந்துகொண்டே வருகிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் விழுந்தன. இப்போது 24 நாள் இடைவெளி. பஞ்சாங்கத்திலேயே அயனாம்சம் என்று இந்த வித்தியாசத்தை அச்சிட்டிருப்பார்கள், எடுத்துக் காட்டுங்கள். பாட்டிக்கு நேரடிச் சான்று வேண்டுமென்றால் பொங்கலன்று அதே அமைப்பில் அளக்கலாம். உச்சி அன்று 12.23-ஐ ஒட்டி, நிழல் 67½ செ.மீ. மூன்று வாரத்தில் ஆறு செ.மீ. சுருங்கியிருக்கும்.

மறுநாள் காலை

முந்தின நாள் போட்ட கிழக்குக் கோட்டின்மேல் நின்று கிழக்கே பாருங்கள். கையை நீட்டி முட்டி மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. கிழக்கிலிருந்து வலப்பக்கம் இரண்டரை முட்டிக்குச் சற்றுக் குறைவாக, 24 டிகிரியில் சூரியன் எழும். கணக்குப்படி உதயம் 6.31-ஐ ஒட்டி. ஆனால் வேலூரைச் சுற்றி மலை. மலைமுகடு ஒரு டிகிரி உயர்ந்தால் 4½ நிமிடத் தாமதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பனிமூட்டம் இருந்தால் இன்னும் தள்ளிப்போகும். அடிவானத்தின் மலை, டவர், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து, சூரியன் முளைத்த இடத்தைக் குறித்துத் தேதி போட்டு வையுங்கள்.

மாலையில் கார் இருந்தால் விரிஞ்சிபுரம் போய்வரலாம். மதிலழகுக்குப் பேர்போன மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் அரைவட்டமாக எண்கள் செதுக்கிய மணி காட்டும் கல் இருக்கிறது. மேலே உள்ள பள்ளத்தில் குச்சியை வைத்தால் நிழல் விழும் எண்ணே மணி. உள்ளூர்ச் சூரிய நேரத்தைத்தான் அது காட்டும். கைக்கடிகாரத்தோடு 12 நிமிடம் ஒத்துப்போகாததற்குக் காரணம் பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கும். வெயில் சாய்வதற்கு முன், நாலு மணிக்குள் போய்ச் சேருங்கள்.

களியும் கூட்டும்

ஆருத்ரா தரிசனமும் இந்த நாட்களை ஒட்டி வருவதால் திருவாதிரைக் களி பொருத்தம். பச்சரிசி ஒரு டம்ளர், பாசிப்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி. தனித்தனியே வெறும் வாணலியில் வறுங்கள். அரிசி சற்றுப் பொரிந்து வாசம் வர வேண்டும், கருகக் கூடாது. ஆறவிட்டு மிக்ஸியில் ரவைபோல் உடையுங்கள். மாவாகிவிட்டால் களி பசையாகும், நைஸாகப் போனதைச் சலித்து ஒதுக்குங்கள். இரண்டரை டம்ளர் தண்ணீர் கொதித்ததும் ரவையைத் தூவிக் கிளறி, மூடிபோட்டுச் சிறுதீயில் 12 நிமிடம். விரலால் நசுக்கினால் நடுவில் கடுக்கென்று இருக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் வெல்லம். ஒன்றேகால் டம்ளர் வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து மண் போக வடிகட்டி ஊற்றுங்கள். அவசரப்பட்டு முன்பே ஊற்றினால் அரிசி அதற்குமேல் வேகாது. கடைசியில் தேங்காய்த் துருவல் கால் டம்ளர், நெய் மூன்று மேசைக்கரண்டி, ஏலக்காய், முந்திரி.

ஏழுகறிக் கூட்டுக்குப் புது மொச்சை, அவரை, பரங்கி, வாழைக்காய், சர்க்கரைவள்ளி, வெண்பூசணி, கத்திரி. கத்திரி என்றால் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்தான், 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. சீக்கிரம் குழையும் என்பதால் கடைசியாகப் போடுங்கள்.

இரவு பத்து மணி

சாப்பிட்டுவிட்டு மறுபடி மாடிக்கு ஏறுங்கள், தெரு விளக்கு முகத்தில் அடிக்காத மூலைக்குப் போங்கள். ஏறக்குறைய தலைக்கு நேரே கார்த்திகைக் கூட்டம். அதற்குக் கிழக்கே சிவப்பாக ரோகிணி, இன்னும் கிழக்கே திருவாதிரை. தென்கிழக்கில் அடிவானத்திலிருந்து ஒன்றரை முட்டி உயரத்தில் தனியாக ஒளிர்வது அகத்திய நட்சத்திரம். நள்ளிரவு தாண்டி 12.35-ஐ ஒட்டி, அது நேர் தெற்கில் இரண்டரை முட்டி உயரம் வரை ஏறும். டெல்லியில் இருக்கும் மாமாவுக்கு அது ஒரு முட்டி உயரம்கூட ஏறாது. ஜவ்வாது மலையில் காவலூரில் வானாய்வகம் அமைத்ததற்கு, தென்வானமும் நன்றாகத் தெரியும் இந்த அட்சரேகையும் ஒரு காரணம். 2026-இல் பௌர்ணமி டிசம்பர் 24 என்பதால் 22-ஆம் தேதி நிலா வெளிச்சம் கார்த்திகையை மங்கடிக்கும், பைனாகுலரை இப்போது வெளியே எடுக்கலாம்.

அடிப்புள்ளிக்கும் உச்சிப் பொட்டுக்கும் மறுநாளே எனாமல் பெயின்ட் அடித்துவிடுங்கள், சாக்பீஸ் ஒரு பனிக்குத் தாங்காது. பலகைமேல் அளந்திருந்தால் பலகையிலேயே அடித்து, அதன் நான்கு மூலைகளையும் தரையில் குறித்து வையுங்கள். அடுத்து அளக்க வேண்டியவை: மார்ச் 21-ஐ ஒட்டி 23 செ.மீ.; ஏப்ரல் 24-ஐ ஒட்டி பொட்டு அடிப்புள்ளிமேலேயே விழும்; ஜூன் 21-இல் தெற்கே 18½ செ.மீ. அப்போது டப்பாவை வடக்கே மாற்றி வைக்க வேண்டும்.