மோட்டார்ஹோமில் முதல் இரவு: ஆர்.வி. பார்க்கில் இடம் பிடிப்பது முதல் கிளம்புவது வரை

அமெரிக்காவில் மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) வாடகைக்கு எடுத்துச் சுற்றக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் அதை ஓட்டுவதை நினைத்துத்தான் பயப்படுவார்கள். ஓட்டுவது சீக்கிரம் கைக்கு வந்துவிடும். திணறல் எல்லாம் வண்டியை நிறுத்திய பிறகுதான். கரன்ட்டை எங்கே செருகுவது, தண்ணீர்க் குழாயை எந்த வாயில் மாட்டுவது, கழிவை எப்படி இறக்குவது? சாவி கொடுக்கும்போது வாடகை நிறுவனத்தில் எல்லாவற்றையும் வேகமாகக் காட்டிவிடுவார்கள். இரவு எட்டு மணிக்கு, பசியோடு, டார்ச் வெளிச்சத்தில் நிற்கும்போது அதில் பாதி மறந்திருக்கும். (அவர்கள் காட்டும்போதே போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.)

அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கனவு யோசெமிட்டி தேசியப் பூங்காவாக இருந்தாலும், முதல் ஓரிரு இரவுகளை ஃபுல் ஹூக்கப் உள்ள ஒரு சாதாரண ஆர்.வி. பார்க்கில் (இப்படிப்பட்ட வண்டிகளை நிறுத்தித் தங்கும் இடம்) கழியுங்கள். மின்சாரம், தண்ணீர், கழிவுக் குழாய் மூன்றும் உங்கள் இடத்திலேயே இருப்பதுதான் ஃபுல் ஹூக்கப். வண்டியின் ஒவ்வொரு பாகமும் எப்படி வேலை செய்கிறது என்று அங்கே பழகிக்கொண்டால், எதுவுமே இல்லாத காட்டுக்குள் நிம்மதியாக இருக்கலாம்.

படி 1: எந்த மாதிரி இடம்?

தனியார் ஆர்.வி. பார்க்குகளில் ஹூக்கப், குளியலறை, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் இருக்கும். 1962-இல் மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் ஊரில் தொடங்கி நாடு முழுக்கப் பரவிய கே.ஓ.ஏ. நிறுவனத்தின் பார்க்குகள் இந்த வகைதான். அழகை எதிர்பார்க்காதீர்கள். நெடுஞ்சாலை ஓரமாகவும், பக்கத்து வண்டியின் ஜன்னல் கைக்கெட்டும் தூரத்திலும் இருக்கலாம். கற்றுக்கொள்ள இது போதும்.

மாநிலப் பூங்காக்கள் நடுத்தரம். பலவற்றில் மின்சாரமும் தண்ணீரும் இருக்கும், கழிவை வெளியேறும் வழியில் உள்ள டம்ப் ஸ்டேஷனில் இறக்க வேண்டியிருக்கும். மரங்களும் இடைவெளியும் தனியார் பார்க்குகளைவிடப் பெரும்பாலும் அதிகம்.

தேசியப் பூங்காக்களில்தான் பலர் ஏமாறுகிறார்கள். யோசெமிட்டிக்குள் இருக்கும் கேம்ப்கிரவுண்டுகள் எதிலும் ஹூக்கப் கிடையாது. யெல்லோஸ்டோனில் ஃபுல் ஹூக்கப் உள்ள ஒரே இடம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. பார்க். கரடி நடமாட்டம் காரணமாக அங்கே கூடாரத்துக்கு அனுமதி இல்லை, கெட்டியான சுவருள்ள வண்டிகள் மட்டும்தான். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் டிரெய்லர் வில்லேஜில் ஃபுல் ஹூக்கப் உண்டு. அதன் பக்கத்திலேயே உள்ள மேதர் கேம்ப்கிரவுண்டில் ஹூக்கப் இல்லை, 30 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கும் இடமில்லை.

அதிகம் பேர் கவனிக்காத இன்னொன்று, ராணுவப் பொறியாளர் படை அணைகளின் ஏரிக்கரைகளில் நடத்தும் கேம்ப்கிரவுண்டுகள். பல இடங்களில் மின்சாரம், தண்ணீர்க்கரையிலேயே இடம், விலையும் நியாயம். என்னைக் கேட்டால் இரண்டாவது பயணத்துக்கு இதுதான்.

படி 2: முன்பதிவு

ஃபெடரல் (மத்திய அரசின்) கேம்ப்கிரவுண்டுகளுக்கு ரெக்ரியேஷன் டாட் கவ் (recreation.gov) தளம். பல இடங்களுக்கு 6 மாதங்களுக்கு முன்பே பதிவு திறந்துவிடும். புகழ்பெற்ற பூங்காக்களில் கோடைக்கால இடங்கள் பதிவு திறந்த சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடும். கிடைக்கவில்லையா? பயணத்துக்கு முந்தைய ஒன்றிரண்டு வாரங்களில் திரும்பத் திரும்பப் பாருங்கள், ரத்துகள் வந்துகொண்டே இருக்கும்.

வீட்டில் கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ள, 62 வயது நிறைந்த பெற்றோர் இருந்தால் அவர்களுக்கு தேசியப் பூங்காக்களுக்கான சீனியர் பாஸ் எடுத்துவிடுங்கள். அவர்களும் உடன் தங்கும்போது பல ஃபெடரல் கேம்ப்கிரவுண்டுகளில் கட்டணம் பாதி. விசிட்டர் விசாவில் வந்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது.

பதிவு செய்யும்போது பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது நீளம்: பின்னால் மாட்டிய சைக்கிள் ஸ்டாண்டு, இழுத்து வரும் கார் எல்லாம் சேர்த்து, முன் பம்பரிலிருந்து கடைசி முனைவரை. இரண்டாவது ஆம்ப், அதாவது மின் இணைப்பின் அளவு: வண்டி 30-ஆ 50-ஆ என்று வாடகை நிறுவனத்தில் கேட்டு வையுங்கள். மூன்றாவது, புல்-த்ரூவா பேக்-இன்னா என்பது. புல்-த்ரூ என்றால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறலாம், ரிவர்ஸே எடுக்க வேண்டாம். சில டாலர் கூடுதலாக இருந்தாலும் முதல் தடவை அதையே எடுங்கள்.

படி 3: போய்ச் சேருவதும் நிறுத்துவதும்

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைத்தான் கடைப்பிடிப்பீர்கள் என்றால் இந்த வரியை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இடத்துக்கு வந்ததும் உடனே வண்டியை உள்ளே விடாதீர்கள். இறங்கி நடந்து பாருங்கள். மேலே தாழ்ந்த கிளை இருக்கிறதா? மின்சாரக் கம்பம் எங்கே நிற்கிறது? வண்டியின் இணைப்புகள் பெரும்பாலும் ஓட்டுநர் பக்கம், பின்பாதியில் இருக்கும், அந்தப் பக்கம் கம்பத்துக்கு அருகே வர வேண்டும். ஸ்லைட்-அவுட் (நிறுத்தியபின் சுவரோடு வெளியே நீட்டி உள்ளிடத்தைப் பெரிதாக்கும் பகுதி) உள்ள வண்டி என்றால் அது வெளியே நீளும்போது கம்பத்திலோ மரத்திலோ இடிக்காத அளவு இடைவெளி வேண்டும்.

ரிவர்ஸ் எடுக்க ஒருவர் பின்னால் நிற்கட்டும், ஆனால் ஓட்டுநருக்குப் பக்கக் கண்ணாடியில் தெரிகிற இடத்தில். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்த அந்தக் கணமே பிரேக். ‘வா வா, நில்லு நில்லு’ என்று கத்துவதைவிட இருவரும் போனில் பேசிக்கொள்வது நல்லது. ஆர்.வி. பார்க்குகளில் மாலை நேரத்து இலவசப் பொழுதுபோக்கே புதிதாக வந்த கணவன் மனைவி ரிவர்ஸ் எடுப்பதைப் பார்ப்பதுதான்.

அடுத்தது மட்டம். உள்ளே தரையில் ஒரு ரசமட்டத்தை வையுங்கள், போன் ஆப்பும் போதும். தாழ்ந்திருக்கும் சக்கரத்தின் முன் லெவலிங் பிளாக்குகளை அடுக்கி அதன்மேல் மெதுவாக ஏற்றுங்கள். தூக்கம் சரியாக வருவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பல வண்டிகளில் உள்ள கேஸ் ஃபிரிட்ஜ் மட்டமாக இல்லாவிட்டால் சரியாகக் குளிராது, நாளடைவில் கெட்டும் போகும். மட்டம் வந்ததும் ஹேண்ட் பிரேக், சக்கரங்களுக்குக் கட்டை. ஸ்லைட்-அவுட்டை இதற்கெல்லாம் பிறகுதான் நீட்ட வேண்டும்.

படி 4: மின்சாரம்

கம்பத்தில் உள்ள பிரேக்கர் ஆஃபில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சர்ஜ் புரொடெக்டர் (திடீர் மின்னழுத்த ஏற்றத்திலிருந்து காக்கும் கருவி) இருந்தால் முதலில் அதைச் செருகி, அதில் வண்டியின் கேபிளைச் செருகுங்கள். அப்புறம் பிரேக்கரை ஆன் செய்யுங்கள். கழற்றும்போது இதைத் திருப்பிச் செய்ய வேண்டும்: ஏ.சி.யை நிறுத்து, பிரேக்கரை ஆஃப் செய், பிறகு பிடுங்கு. மைக்ரோவேவ் கடிகாரம் மினுக்கினால் கரன்ட் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இனி ஒரு சின்னக் கணக்கு. 30 ஆம்ப் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். ஒரு கூரை ஏ.சி. ஏறக்குறைய 1,500 வாட் எடுக்கும். மைக்ரோவேவ் இன்னொரு 1,000 முதல் 1,500. அதோடு யாராவது ஹேர் டிரையரைப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். இன்ஸ்டன்ட் பாட்டும் ஏறக்குறைய 1,000 வாட், ஆகவே சோறு வைக்கும் நேரத்தில் ஏ.சி.யைச் சற்று நிறுத்தி வைக்கலாம். வாட்டர் ஹீட்டரை மின்சாரத்திலிருந்து புரொப்பேனுக்கு மாற்றினாலும் சுமை குறையும்.

50 ஆம்ப் என்பதை 30-ஐவிடக் கொஞ்சம் கூடுதல் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் 50 ஆம்ப் கம்பிகள் இரண்டு வருகின்றன. மொத்தம் 12,000 வாட், அதாவது மூன்று மடங்குக்கும் மேல். உங்கள் வண்டி 50, இடம் 30 என்றால் அதற்கு அடாப்டர் உண்டு, ஆனால் பயன்பாடு 30-க்குள் அடங்க வேண்டும்.

படி 5: தண்ணீர்

குடிநீருக்கான ஹோஸ் (வளையும் குழாய்) வெள்ளை அல்லது நீல நிறத்தில் இருக்கும். பார்க்கின் தண்ணீர் குழாயின் வாயைத் துடைத்து, சில விநாடிகள் தண்ணீரைத் திறந்துவிட்டு மூடுங்கள். அதில் முதலில் பிரஷர் ரெகுலேட்டர், பிறகு ஃபில்டர், பிறகு ஹோஸ். மறுமுனை வண்டியில் ‘சிட்டி வாட்டர்’ என்று எழுதிய வாயில் போக வேண்டும். அதன் அருகிலேயே டேங்க் நிரப்பும் வாய் ஒன்று இருக்கும், குழம்பிவிடாதீர்கள். ரெகுலேட்டர் எதற்கென்றால், வண்டிக்குள் ஓடும் பிளாஸ்டிக் குழாய்களுக்கு 40 முதல் 60 பி.எஸ்.ஐ. அழுத்தமே போதும், சில பார்க்குகளில் அதைவிட மிக அதிகமாக வரும்.

வாட்டர் ஹீட்டரைப் போடும் முன் உள்ளே வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் சீராக வருகிறதா என்று பாருங்கள். காலி டேங்க்கில் மின்சார ஹீட்டரைப் போட்டால் காயில் எரிந்துவிடும். நாள் முழுக்க வெளியே போவதாக இருந்தால் வெளிக் குழாயை மூடிவிட்டுப் போங்கள். இரவு வெப்பநிலை 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகும் என்றால் ஹோஸைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, வண்டியின் டேங்க் தண்ணீரையும் பம்பையும் பயன்படுத்துங்கள்.

படி 6: கழிவு

எல்லோரும் முகம் சுளிக்கும் இந்த வேலை, முறையாகச் செய்தால் பத்து நிமிடத்தில் முடியும். வண்டியில் இரண்டு கழிவு டேங்க். கழிப்பறையிலிருந்து போவது பிளாக் டேங்க், சிங்க்கிலும் ஷவரிலும் இருந்து போவது கிரே டேங்க். ஒவ்வொன்றுக்கும் இழுத்துத் திறக்கும் ஒரு வால்வு.

புதியவர்களுக்கு இயல்பாகத் தோன்றும் யோசனை: ‘கழிவுக் குழாய்தான் மாட்டியாயிற்றே, இரண்டு வால்வையும் திறந்தே வைத்தால் என்ன?’ பிளாக் வால்வை மட்டும் அப்படி வைக்கவே கூடாது. நீர் உடனுக்குடன் ஓடிப்போய், கெட்டிப்பொருள் மட்டும் அடியில் தங்கி இறுகிவிடும். அப்புறம் அதை எடுப்பது தனி நரகம். டேங்க் மூன்றில் இரண்டு பங்காவது நிறையட்டும், அந்த நீரின் வேகத்தில்தான் எல்லாம் அடித்துக்கொண்டு போகும். டேங்க்கின் அளவு காட்டும் விளக்குகளை முழுசாக நம்ப வேண்டாம், காகிதம் ஒட்டிக்கொண்டால் காலி டேங்க்கையும் நிறைந்ததாகக் காட்டும்.

இறக்கும் முறை இதுதான். கையுறை போடுங்கள். இரண்டு வால்வும் மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு வண்டியின் மூடியைக் கழற்றுங்கள். குழாயை வைத்துத் திருகிப் பூட்டுங்கள், பூட்டியபின் ஒருமுறை இழுத்தும் பாருங்கள். மறுமுனை தரையில் உள்ள துளையில் இறுக்கமாக உட்கார வேண்டும். முதலில் பிளாக் வால்வைத் திறங்கள். ஓட்டம் நின்றதும் மூடிவிட்டு கிரேயைத் திறங்கள். சோப்புத் தண்ணீர் வந்து குழாயைக் கழுவிவிடும், பிளாக்கை முதலில் இறக்குவது இதற்காகத்தான். முடிந்ததும் கழிப்பறை வழியாகக் கொஞ்சம் தண்ணீரும், டேங்க் மருந்து ஒரு பொட்டலமும் போடுங்கள்.

கழிப்பறையில் ஆர்.வி.க்கான கழிப்பறைக் காகிதம் தவிர வேறெதுவும் போகக் கூடாது. ‘ஃபிளஷ் செய்யலாம்’ என்று அச்சிட்ட ஈரத்துடைப்பான்களும் கூடாது. சிங்க்கில் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் போனால் கிரே டேங்க் பிளாக்கைவிட மோசமாக நாறும். தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். டம்ப் ஸ்டேஷனில் கழுவுவதற்கு வைத்திருக்கும் குழாயில் குடிநீரைப் பிடிக்காதீர்கள்.

படி 7: அக்கம்பக்கம்

தேசியப் பூங்காக்களில் இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவாக அமைதி நேரம். ஜெனரேட்டருக்குத் தனி நேரம் உண்டு, வாசல் பலகையில் போட்டிருப்பார்கள். அடுத்தவர் இடத்தைக் குறுக்கே கடந்து குளியலறைக்குப் போகக் கூடாது. வேலி இல்லாவிட்டாலும் அது அவர்கள் வீட்டு முற்றம்.

விறகை ஊரிலிருந்து ஏற்றிக்கொண்டு வராதீர்கள், பார்க்கிலோ பக்கத்திலோ வாங்குங்கள். 2002-இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு மரகதப் பச்சை வண்டு கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை அழித்திருக்கிறது. அது தொலைவிடங்களுக்குப் பரவியதில் விறகுக்குப் பெரிய பங்கு உண்டு. பல மாநிலங்களில் விறகைக் கொண்டுபோகச் சட்டத் தடையும் இருக்கிறது. ஆனிங்கை (வண்டியின் பக்கவாட்டில் விரியும் நிழல்துணி) விரித்தபடி தூங்கப் போகவேண்டாம், நடு இரவில் காற்று எழும்பினால் மடித்து முறித்துவிடும்.

படி 8: ஹூக்கப் இல்லாத இரவு

இதுவரை பழகியாயிற்று என்றால் இது சுலபம். முன்னதாகவே குடிநீர் டேங்க்கை நிரப்பி, கழிவு டேங்க்குகளைக் காலி செய்துகொண்டு போங்கள். விளக்கு, தண்ணீர் பம்ப் எல்லாம் பேட்டரியில் ஓடும். ஏ.சி.க்கும் மைக்ரோவேவுக்கும் ஜெனரேட்டர் வேண்டும். குளியல் என்றால் நனை, மூடு, சோப்பு போடு, திற, கழுவு.

படி 9: கிளம்புவது

கழிவை முதலில் முடியுங்கள், கையைக் கழுவுங்கள், பிறகு தண்ணீர், கடைசியில் மின்சாரம். உள்ளே அலமாரிகளும் ஃபிரிட்ஜ் கதவும் பூட்டியிருக்க வேண்டும். ஸ்லைட்-அவுட் உள்ளே, ஆனிங் சுருட்டி, படிக்கட்டு மடித்து, கூரை ஜன்னலும் ஆன்டெனாவும் இறக்கி. இதைத் தனி ஆளாகச் செய்தால் நடுவில் பேச்சுக் கொடுக்க விடாதீர்கள், எதை விட்டோம் என்றே தெரியாமல் போகும்.

சக்கரக் கட்டையை எடுத்து, வண்டியை ஒரு வண்டி நீளம் முன்னே நகர்த்தி நிறுத்துங்கள். இறங்கிப் போய் நீங்கள் நின்றிருந்த இடத்தைப் பாருங்கள். லெவலிங் பிளாக்குகள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். கம்பத்தின் தண்ணீர்க் குழாயில் ரெகுலேட்டர் தொங்கிக்கொண்டிருக்கிறதா என்றும் ஒரு பார்வை.