சிறு நகரத் தெருவிழாவை இரண்டு சுற்றாக ரசிப்பது எப்படி?

சிறு நகரத்துத் தெருவிழா பெரிய இடம் எதையும் அடைத்துக்கொள்வதில்லை. ஓரிரு தெருக்களில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, இருபுறமும் கடை பரப்பி, ஒரு மூலையில் ராட்டினத்தையும் மறுமூலையில் மேடையையும் அமைத்திருப்பார்கள். விரைந்து நடந்தால் கொஞ்ச நேரத்திலேயே முழுவதையும் கடந்துவிடலாம் என்பதால், பலர் ஒரு கோடியில் நுழைந்து, கண்ணில் பட்டதை வாங்கிக்கொண்டு, மறுகோடியில் வெளியேறி வீடு திரும்பிவிடுகிறார்கள். அதே தெருவை இரண்டு முறை, இரண்டு விதமாகச் சுற்றி வந்தால்தான் விழா முழுமையாகக் கைக்கு வரும் என்பது என் உறுதியான கருத்து. முதல் சுற்று பார்ப்பதற்கு. இரண்டாவது சுற்று வாங்குவதற்கும் விளையாடுவதற்கும்.

பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருவது நல்லது. வெயில் தணிந்திருக்கும், கூட்டம் இன்னும் சேர்ந்திராது, முதியவர்களும் சிறு குழந்தைகளும் இடிபடாமல் நடக்கலாம். விளக்குகள் எரியத் தொடங்கும்போது எது எங்கே இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பகலிலேயே போக நேர்ந்தால் தொப்பியும் தண்ணீரும் அவசியம். வெயில் தடுப்புக் களிம்பைப் பூசிக்கொள்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். தெருக்கள் அடைக்கப்பட்டிருக்கும் என்பதால், வாகனத்தைச் சற்றுத் தள்ளியே நிறுத்திவிட்டு நடந்து செல்வது எளிது.

கிளம்புவதற்கு முன் பேசி முடிக்க வேண்டியவை சில உண்டு. யாராவது பிரிந்துவிட்டால் எங்கே கூடுவது என்பது அவற்றில் முதன்மையானது. ராட்டினத்தின் அருகே என்று சொல்லிவைப்பது வழக்கம்; ஆனால் அங்கேதான் கூட்டம் மிகுதியாக இருக்கும். மணிக்கூண்டு, நூலகத்தின் படிக்கட்டு போல, விழா இல்லாத நாளிலும் அதே இடத்தில் இருக்கக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கைபேசி இருக்கிறதே என்று இதை விட்டுவிடக் கூடாது. வழக்கமாகச் சில நூறு பேருக்குச் சேவை தரும் கோபுரத்தை அன்று ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதால், அழைப்புகள் கிடைக்காமல் போகலாம். அப்போது மீண்டும் மீண்டும் அழைப்பதைவிடக் குறுஞ்செய்தி அனுப்புவதே பயன் தரும். அளவில் மிகச் சிறியதாகையால், சற்றுத் தாமதமானாலும் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும்.

குழந்தைகள் உடன் வந்தால், வீட்டு வாசலிலேயே அவர்களை அன்றைய உடையில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் பெற்ற தாய்க்குக்கூடச் சட்டையின் நிறம் நினைவுக்கு வராமல் போகலாம். உங்கள் கைபேசி எண்ணைக் குழந்தையின் முன்கையின் உட்புறத்தில் பேனாவால் எழுதிவிடுங்கள். வழி தவறினால் அலைந்து தேடாமல் அருகில் உள்ள கடைக்குள் போய், மேசைக்குப் பின்னால் நிற்பவரிடம் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுங்கள். கடையை விட்டு எங்கும் போய்விட முடியாத அவர், குழந்தையைத் தன் பக்கத்திலேயே இருத்திக்கொண்டு ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்ல முடியும்.

இனி முதல் சுற்று. இதில் எதையும் வாங்குவதில்லை என்று எல்லோருமாக முடிவு செய்துகொள்ளுங்கள். கழிப்பறை, குடிநீர், முதலுதவிக் கூடாரம், உட்கார இடம், வெளியேறும் வழிகள் ஆகியவற்றைக் கவனித்துக்கொண்டே, கோடி முதல் கோடி வரை மெல்ல நடந்து வாருங்கள். தனக்கு மிகவும் பிடித்த ஒன்றை மட்டும் ஒவ்வொருவரும் மனத்தில் குறித்துக்கொள்ளட்டும். வேகத்தைக் குழந்தையும் முதியவரும் தீர்மானிக்கட்டும். கடை மேசை பெரியவர்களுக்கு இடுப்பளவு. நான்கு வயதுக் குழந்தைக்கோ அது கண்ணளவு. மேலே அடுக்கியிருப்பதை நாம் பார்க்கும் நேரத்தில், குழந்தை மேசையின் விளிம்பையும் அதன் அடியில் கிடக்கும் பெட்டிகளையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும். அதை ஒருமுறை தூக்கிக் காட்டுங்கள். நீங்களும் ஒருமுறை குந்தி உட்கார்ந்து, அது எதைப் பார்க்கிறது என்று பாருங்கள்.

சிறு நகர விழாக்களில் எனக்கு மிகவும் மதிப்புள்ளதாகத் தோன்றுவது, பொருளைச் செய்தவரே பல கடைகளில் உட்கார்ந்திருப்பதுதான். கூட்டம் சேராத அந்த முதல் மணி நேரத்தில் அவருக்குப் பேச நேரம் இருக்கும். இதை எதில் செய்தீர்கள், எந்தக் கட்டம் கடினமானது, எந்த இடத்தில் உடையும் என்று கேட்டால், பெரும்பாலானோர் பொருளைக் கையில் எடுத்துத் திருப்பியே காட்டுவார்கள். மண்பாண்டத்தின் அடிப்புறத்தில் கயிற்றால் அறுத்த சுருள் கோடு தெரியும். கூடையின் விளிம்பில் கடைசி இழையை உள்ளே செருகி மறைத்த இடம் தெரியும். அதை ஒருமுறை பார்த்த குழந்தை அடுத்த கூடையைத் தானே திருப்பிப் பார்க்கும். வேறொருவர் வாங்க வந்தால் விலகி இடம் கொடுப்பதும், படம் எடுக்கும் முன் அனுமதி கேட்பதும் குறைந்தபட்ச மரியாதை.

இரண்டாவது சுற்றில் முதலில் ராட்டினம், பிறகு சாப்பாடு. சுழலும்போது உட்செவி உணரும் அசைவும் கண் காணும் காட்சியும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல் வருகிறது. நிறைந்த வயிறு அதை மேலும் மோசமாக்கும். உயரக் கட்டுப்பாட்டுப் பலகையை மீறிக் குழந்தையை ஏற்ற வேண்டாம். பாதுகாப்புக் கம்பி உடலோடு பொருந்திப் பிடிப்பதற்காக அமைந்தது என்பதால், அந்த உயரத்தை எட்டாத குழந்தை அதன் அடியில் வழுக்கிவிடக்கூடும். நீண்ட கூந்தலையும் தொங்கும் துணியையும் முடிந்துகொள்ளுங்கள்.

விளையாட்டுக் கடைகளுக்கென்று ஒரு தொகையை ஒதுக்கிக் குழந்தையின் கையிலேயே கொடுத்துவிடுவது நல்லது. அது தீர்ந்தால் விளையாட்டும் தீர்ந்தது. வளையம் எறியும் கடையில், வளையத்தின் உள்வட்டம் புட்டியின் கழுத்தைவிடச் சற்றே பெரிதாக இருக்கும். சாய்ந்து விழும் வளையம் விளிம்பில் பட்டுத் துள்ளி வெளியே போய்விடும். பலூனில் காற்றுக் குறைவாக இருந்தால் மழுங்கிய அம்பு அதை உடைக்காமல் தள்ளிவிடும். கூடைப்பந்து வளையத்தின் வழக்கமான விட்டம் சுமார் 45 செ.மீ.; விழாக் கடைகளில் அது சிறியதாகவோ நீள்வட்டமாகவோ இருப்பதுண்டு. விளையாடும் முன் வேறு சிலர் விளையாடுவதைச் சற்று நேரம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஏன் தவறுகிறது என்று குழந்தையே கண்டுபிடிப்பதில் உள்ள மகிழ்ச்சி, பரிசுப் பொம்மையில் கிடைப்பதைவிடப் பெரிது.

உணவுக்கு, கண்ணெதிரே சமைத்துச் சூடாகப் பரிமாறும், விற்பனை வேகமாக நடக்கும் கடையைத் தேர்ந்தெடுங்கள். சமைத்த உணவு 60 பாகை செல்சியஸுக்கு மேலோ 5 பாகைக்குக் கீழோ இருக்க வேண்டும். இடைப்பட்ட வெப்பநிலையில் கிருமிகள் விரைந்து பெருகும் என்பதால், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்ததை விட்டுவிடுங்கள். சாப்பிடும் முன் சோப்பிட்டு 20 நொடி கை கழுவுங்கள். நண்பர்களோடு போயிருந்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கடை வரிசையில் நின்று வாங்கி வந்து, நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளலாம். அந்த நேரம் முழுதும் முதியவர் ஒருவர் இருக்கையைக் காத்துக்கொண்டு ஓய்வெடுக்கலாம்.

பெரிய குழுவாக வந்தவர்கள் எப்போதும் ஒட்டிக்கொண்டே நடக்க வேண்டியதில்லை. மூன்று நான்கு பேராகப் பிரிந்து, குறித்த நேரத்தில் கூடிப் பேசிவிட்டு மீண்டும் பிரிவது எல்லோருக்கும் இதமானது. வளர்ந்த பிள்ளைகள் இதை மிகவும் விரும்புவார்கள். மேடை நிகழ்ச்சிக்கு ஒலிபெருக்கியின் எதிரே உட்காராமல், பக்கவாட்டில் தள்ளி இடம் பிடியுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் ஒலி 85 டெசிபலைத் தாண்டியிருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும், செவிக்குக் கேடில்லாமல் கேட்கக்கூடிய நேரம் பாதியாகக் குறையும். கூட்டம் இறுகி, இருபுறமும் தோள்கள் உரசத் தொடங்கினால், எதிர்த்துத் தள்ளாமல் குறுக்குச் சாய்வாக ஓரத்துக்கு நகருங்கள்.

கனமானதையும் உடையக்கூடியதையும் கடைசியில் வாங்குங்கள். பணம் கொடுத்துவிட்டுப் புறப்படும்போது எடுத்துக்கொள்கிறேன் என்றால் பல கடைக்காரர்கள் எடுத்து வைப்பார்கள். திரும்ப எடுக்கப் போகும்போது, செய்தவரின் பெயரும் எண்ணும் உள்ள சீட்டு ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிடி கழன்றாலோ இன்னொன்று வேண்டுமென்றாலோ அடுத்த விழா வரை காத்திருக்க வேண்டியிராது.