பழைய உருவப்படம் வாங்கும் முன் சாய்த்துப் பாருங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு உருவப் புகைப்படம் கைக்கு வந்ததும் அதை வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் நேர்ப்படமாகவும் மறு கோணத்தில் நெகட்டிவாகவும் மாறி, இடையே உங்கள் முகமும் தெரிந்தால் அது டாகுரோடைப். 1839-இல் அறிவிக்கப்பட்ட முறை; வெள்ளி பூசிய செம்புத் தகடு. சாய்த்தும் மாறாத படம் கண்ணாடியில் இருந்தால் ஆம்ப்ரோடைப், இரும்புத் தகட்டில் இருந்தால் டின்டைப். டின்டைப்பின் பின்பக்கம் சிறு காந்தத்தைக் காட்டினால் ஈர்ப்பு தெரியும். படத்தின் மேல் காந்தத்தை உரசக் கூடாது.

புதிதாகச் சேர்ப்பவர்கள் அட்டையில் ஒட்டிய காகிதப் படங்களிலிருந்து தொடங்குவதே நல்லது. இவற்றில் சிறிய வகையான கார்ட் டி விசிட் ஏறக்குறைய 64 × 100 மி.மீ., பெரிய வகையான கேபினட் கார்டு 108 × 165 மி.மீ. மெல்லிய அட்டையும் கூர்முனைகளும் பெரும்பாலும் 1860-களைக் காட்டும். தடித்த அட்டையும் வளைந்த முனைகளும் அதற்குப் பிந்தியவை. அமெரிக்கப் படத்தின் பின்புறம் வரி முத்திரை ஒட்டியிருந்தால் அது 1864 – 1866 காலத்தது. பத்து மடங்கு உருப்பெருக்கியில் ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் அது அச்சகப் பிரதி, வாங்க வேண்டாம்.

டாகுரோடைப்பில் அதிகம் ஏமாறும் இடம் அதன் பெட்டி. தகடு, பித்தளைச் சட்டம், கண்ணாடி மூன்றையும் சேர்த்து ஓரங்களில் காகிதப் பட்டி ஒட்டியிருப்பார்கள். பட்டி விட்டுப்போனால் காற்றிலுள்ள கந்தகம் நுழைந்து, சட்டத்தின் ஓரத்திலிருந்து உள்நோக்கி நீலமும் பழுப்புமாக ஒரு வளையம் படியும். அந்த வளையம் சட்டத்தின் திறப்போடு பொருந்த வேண்டும். சட்டம் நீள்வட்டமாக இருக்க, கறை எண்கோணமாகத் தெரிந்தால் யாரோ சட்டத்தை மாற்றியிருக்கிறார்கள். பழைய பட்டி பிரிபடாமல் இருக்கும் படத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் நட்டமில்லை.

கறையைத் துடைக்கும் ஆசைக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். படம் என்பது தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் நுண்துகள்கள்தான். பஞ்சு பட்டாலும் கீறல் விழும், போனது திரும்பாது. வெள்ளிப் பாத்திரம் துலக்கும் திரவத்தில் முக்கி எடுத்த தகடுகளில் பின்னாளில் புதுக் கறைகள் கிளம்பின. கண்ணாடியின் உட்புறம் சிறு துளிகள் பூத்திருந்தால் அது பழைய கண்ணாடியே சிதைந்து கசிவது. புகைப்படப் பாதுகாப்பு நிபுணரிடம் கொடுத்துக் கண்ணாடியை மட்டும் மாற்றுங்கள். பழைய சட்டமும் பெட்டியும் படத்துடனேயே இருக்கட்டும்.

ஆம்ப்ரோடைப்பில் முகம் ஓட்டை விழுந்தாற்போல் தெரிவது பெரும்பாலும் பின்புறக் கறுப்பு வார்னிஷ் உதிர்ந்ததால்தான். அதைச் சுரண்டாமல் அமிலமற்ற கறுப்புத் தாளை அடியில் வைத்தால் படம் மீண்டும் எழும். ஆல்கஹால் கலந்த எதுவும் கூடாது, படத்தைத் தாங்கும் கொலோடியன் படலம் கரைந்துவிடும். வளைந்த டின்டைப்பை நிமிர்த்தினால் பூச்சு வெடித்துத் துரு ஏறும்.

எல்லாவற்றையும் அமிலமற்ற காகித உறையில், 30 – 50 சதவீத ஈரப்பதத்தில், இருட்டில் வையுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம். வாங்கிய இடம், நாள், ஸ்டுடியோ பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் உறையில் குறியுங்கள். படத்தைச் செருகும் முன்பே எழுதிவிடுங்கள், இல்லையெனில் அழுத்தம் படத்தில் பதியும்.