குளிரறை மைனஸ் ஒன்பதைத் தாண்டவில்லை: காரணம் படுத்துக் கிடந்த டிஸ்ட்ரிபியூட்டர்

கடலூர் முதுநகரில் நான் பராமரிக்கும் மீன் குளிரறை −18 டிகிரிக்குப் போக வேண்டியது. வெளியாள் ஒருவர் வந்து குளிரூட்டும் கேஸ் கசிவை அடைத்துவிட்டுப் போன பிறகு −9-ஐத் தாண்டவே இல்லை.

வழக்கம்போல முதல் சந்தேகம் கேஸ் மேல். அந்த ஆர்-404ஏ கேஸின் எடை சரியாக இருந்தது. அறையைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலைக் கழுவினோம், ஃபேன்களைப் பார்த்தோம், காயிலுக்குள் போகும் திரவத்தை அளந்துவிடும் எக்ஸ்பான்ஷன் வால்வையே மாற்றினோம். ம்ஹூம். சூப்பர்ஹீட்டும், அதாவது காயிலை விட்டு வரும் ஆவி அதன் கொதிநிலையைவிட எவ்வளவு சூடு என்ற அளவும், சரியாகவே காட்டியது. நாள்கணக்கில் குழப்பியது அதுதான்.

அப்புறம் ஒரு டீஃப்ராஸ்ட் (காயிலில் படிந்த பனியை உருக்குவது) முடிந்து கம்ப்ரசர் ஓடத் தொடங்கியதும், காயிலின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு வளைவுக் குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ் வரிசைகள் சட்டென்று வெளுத்தன. மேல் வரிசைகள் வெகுநேரம் ஈரமாகவே இருந்தன. இதை அந்த நேரத்தில்தான் பார்க்க முடியும். தாமதித்தால் எல்லாமே வெள்ளை.

வால்வை அடுத்து, காயிலின் சிறுகுழாய்களுக்குக் கேஸைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை, கசிவை அடைக்க வந்தவர் செங்குத்தாக வைக்காமல் படுக்கவைத்துப் பற்றவைத்திருந்தார். திரவமும் ஆவியும் கலந்து வரும் இடம் அது. படுத்தால் திரவம் அடிப்பக்கத்துச் சிறுகுழாய்களுக்கே போகும். அங்கே ஆவியாகாமல் மிஞ்சிய திரவம் எல்லாம் சேரும் பொதுக் குழாயில் வெப்பநிலையை உணர்ந்து வால்வை இயக்கும் பல்பைக் குளிர்விக்கும், வால்வு சுருங்கும், மேல் குழாய்கள் இன்னும் பட்டினி. பல்புக்குத் தெரிவதோ கலவையான வெப்பநிலை மட்டும்.

கேஸை மீட்டெடுத்து, டிஸ்ட்ரிபியூட்டரை வெட்டி, நேராக நிறுத்தி, வால்வில் ஈரத்துணி சுற்றி, நைட்ரஜன் விட்டபடி பிரேசிங் செய்தோம். வாக்குவம் போட்டு (உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி), எடை பார்த்துக் கேஸ் ஏற்றினோம். அன்றிரவே −18 வந்தது. கழற்றிய பழைய வால்வும் நல்லதுதான். உதிரிக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.