ஃபிலிம் கேமராவில் தொடர் படப்பிடிப்பை எப்போது, எப்படிப் பயன்படுத்துவது?

1996இல் வெளிவந்த நிக்கான் எஃப்5 என்ற ஃபிலிம் கேமரா, பொத்தானை அழுத்திப் பிடித்தால் நொடிக்கு 8 படங்கள் எடுக்கும். 2000இல் வந்த கேனான் இஓஎஸ்-1வி, கூடுதல் மின்கலப் பிடியைப் பொருத்தினால் 10 வரை எடுக்கும். இந்த வேகத்தில் 36 படச் சுருள் ஒன்று 5 நொடிக்குள் தீர்ந்துவிடும் என்பதால், பொத்தானை அழுத்திப் பிடித்திருப்பதற்கு முன்பே எந்தக் கணம் வேண்டும் என்று முடிவுசெய்துகொள்ளுங்கள்.

வேகம் இருந்தால் உச்சக் கணம் தானாகவே சிக்கிவிடும் என்று நம்ப வேண்டாம். ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் 1/500 நொடி திறக்கும்படி வைத்து நொடிக்கு 8 படங்கள் எடுத்தாலும், அந்த ஒரு நொடியில் ஃபிலிமில் பதிவது 1/60 நொடிக்கும் குறைவான நேரமே. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்து, இரண்டு படங்களுக்கு இடையே ஏறத்தாழ 5 மீட்டர் கடந்துவிடும். ஆகவே மட்டை பந்தைத் தொடும் கணத்தை உங்கள் விரல்தான் கணிக்க வேண்டும்; அதற்குச் சற்று முன்னதாக அழுத்தி, மூன்று நான்கு படங்களில் விட்டுவிடுங்கள்.

என் கருத்தில், சுருளைத் தானாக நகர்த்தும் மோட்டாரின் உண்மையான பயன் எண்ணிக்கையில் இல்லை. சுருளை நகர்த்த நெம்புகோலைத் தேடாமல், கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமல், அடுத்த படத்திற்கு உடனே ஆயத்தமாக இருக்க முடிவதே பெரிய வசதி. இதற்கு நொடிக்கு 3 படங்களே பெரும்பாலும் போதும். பறவை சிறகு விரிக்கும் காட்சிக்கும் ஓட்டப் பந்தயத்தின் முடிவுக்கோட்டுக்கும் மட்டும் முழு வேகத்தை ஒதுக்குங்கள். சுருளில் ஐந்தாறு படங்களே எஞ்சியிருந்தால், முக்கியக் கணம் வருவதற்கு முன்பே புதிய சுருளை மாற்றிவிடுங்கள்.